லியாவ் மாஸ்டரும் ஒன்றரைக் கிலோ கெளுத்தியும்

நூற்று நான்கு. 1997 ஏப்ரலுக்கும் 2023 அக்டோபருக்கும் இடையில் லியாவ் தெஷூ ஷிதாங் ஊருக்கு வேலையாக வந்துபோன தடவைகள் இவ்வளவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று கணக்கு. நோய்க்காலத்தில் மலைச்சாலையை அடைத்துவைத்திருந்ததால் மூன்று குறைந்தது, இல்லாவிட்டால் நூற்று ஏழு. யாராவது கேட்டால் இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே சொல்வார்.

அவருடைய வேலை லிஃப்ட் பரிசோதனை. கய்லி நகரத்து ஆய்வு அலுவலகத்திலிருந்து காலை ஆறரை பஸ்ஸில் வருவார். லிஃப்டைப் பார்ப்பார். ஓடலாம் என்றால் சான்றிதழில் முத்திரை, கூடாது என்றால் கதவில் மஞ்சள் தாள். மதியம் ஒன்று நாற்பது பஸ்ஸில் திரும்பிவிடுவார். அவர் முதன்முதலில் வந்தபோது ஷிதாங்கில் ஒரே ஒரு லிஃப்ட்தான், ஆஸ்பத்திரியில். நோயாளிகள் அதில் ஏறப் பயந்தார்கள். அதிகாரிகளும் அரிசி மூட்டைகளும்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இப்போது ஊரில் இருநூற்று முப்பத்தாறு லிஃப்ட். நான்கு பேர் முறைவைத்து வந்து பார்க்கிறார்கள். அந்த நால்வரில் மூத்தவர் லியாவ். ஊரே அவரை லியாவ் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

மதியச் சாப்பாடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் பான் யின்ஹுவாவின் மீன்கடையில். நூற்று இரண்டு தடவையும் அவர் அங்கே சாப்பிட்டது முட்டை போட்டு வறுத்த சோறு, ஒரு தட்டு முள்ளங்கி ஊறுகாய். மீன்கடைக்கு வந்து முட்டைச் சோறு தின்கிற ஆள் என்று அவருக்குப் பெயர். சாப்பாட்டில் அவருக்கு ருசி தெரியாது என்பது ஊரின் முடிவு.

உண்மை வேறு. அந்தக் கடையில் மீன் தனியாளுக்குக் கிடையாது.

தொட்டியில் நீந்துகிற கெளுத்தியை உயிரோடு பிடித்து, எடை போட்டு, வெட்டி, புளிக்கவைத்த தக்காளியும் மிளகாயும் கொதிக்கிற சட்டியில் இறக்கி, அடுப்போடு மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டியில் இருப்பதிலேயே சின்ன மீன் ஒன்றரைக் கிலோ. மூன்று பேராவது உட்கார்ந்தால்தான் பான் யின்ஹுவா தொட்டிக்குள் வலையை விடுவாள். 2004-ல் லியாவ் ஒருமுறை மூன்று பேருக்கான பணத்தைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பார்த்தார்.

"காசு குடுத்துடலாம் மாஸ்டர். மூணு பேரு வாயை எப்படிக் குடுப்பீங்க?" என்றாள் அவள். "அந்தச் சட்டிக்கு முன்னால ஒத்தை ஆள் உக்காந்திருந்தா, தெருவுல போறவங்க இவனுக்கு யாரோ செத்துட்டாங்க போலன்னு நெனைப்பாங்க. என் கடைக்கு அது ஆகாது."

அவர் முட்டைச் சோறு சொன்னார்.

கய்லியில் இதே புளிக்குழம்பு தெருவுக்கு இரண்டு கடையில் கொதிக்கிறது. அவரும் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டிருக்கிறார். அது வேறு. இருபத்தாறு வருஷமாக அவர் மூக்கில் ஏறியது பக்கத்து மேஜையிலிருந்து வந்த இந்த வாசனை. தக்காளியைப் புளிக்கவைக்கிற பான் யின்ஹுவாவின் சாடி அவள் கல்யாணமாகி வந்தபோது அவளோடு வந்தது, இதுவரை ஒருநாளும் காலியாகவில்லை. அதில் அவள் இன்னும் என்ன போடுகிறாள் என்பதை ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. லியாவ் வாசனையை மட்டும் வைத்து ஏழு பொருள் கண்டுபிடித்திருந்தார். எட்டாவது பிடிபடவில்லை.

கூட இரண்டு பேரை அழைத்துவருவதற்கு என்ன கஷ்டம் என்று அவர் மனைவி குவோ சியூயுன் கேட்பாள்.

"ஒரு மீனுக்காக இருபத்தாறு வருஷம் ஏங்கற ஆள் இந்த மாகாணத்துலயே நீங்க ஒருத்தர்தான். என்னைக் கூட்டிட்டுப் போனா மூணுல ரெண்டாச்சு."

"வேலைக்குப் போற இடத்துக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனா நாலு பேர் உன் கையில பழம் குடுப்பாங்க. நீயும் வாங்கிப்ப."

"பழந்தானே."

"பழந்தான்" என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஷிதாங்கில் அவருக்குத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. நிறையப் பேர். எல்லோரிடமும் லிஃப்ட் இருந்தது. ஒரு சட்டி மீனுக்கு அவரோடு உட்கார அத்தனை பேரும் தயார். அதனால்தான் அவர் தயாராக இல்லை.

இதற்குப் பின்னால் 1999-ல் நடந்த ஒரு விருந்து இருக்கிறது. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க வந்தவரை, முதலில் சாப்பாடு, அப்புறம் வேலை என்று கண்காணிப்பாளர் கையைப் பிடித்து இழுத்துப்போனார். பதினொரு வகை. பன்னிரண்டாவதாகப் பன்றித் தொடை வந்தபோது லியாவ் போதும் என்றார். சாப்பிட்டு எழுந்துபோய்ப் பார்த்தால், பிரேக்கில் இருக்க வேண்டிய தகடு பாதிதான் இருந்தது. அடுத்த மாதம் மாற்றிவிடுகிறோம் என்றார் கண்காணிப்பாளர். வயிறு நிறைந்திருந்தது. லியாவ் முத்திரையைக் குத்திவிட்டார்.

யாரும் விழவில்லை. எதுவும் நடக்கவில்லை. ஆனால் தகடு மாற்றுகிறவரைக்கும், எட்டு மாதம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் கய்லியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவர் குரல் பழகிப்போயிற்று. அவர் பேசுவதற்கு முன்பே, "லிஃப்ட் ஓடுது மாஸ்டர், யாரும் சாகல" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அதற்குப் பிறகு முத்திரை குத்துகிற இடத்தில் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பான் யின்ஹுவாவின் கடைக்கே அவர் தொடர்ந்து வந்ததற்கு முதல் காரணம் மீன் இல்லை. அது மாடியே இல்லாத கட்டடம்.

2023 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை. மறுநாள் அவருக்கு அறுபது முடிகிறது. அன்று மாலை ஐந்தரைக்குள் முத்திரையை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அதோடு சரி. கடைசி வேலையாக நூலகத்து லிஃப்டைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொன்றே காலுக்குப் பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். இன்று மீன் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். லிஃப்ட் இல்லாத இரண்டு பேர் வேண்டும்.

காத்திருப்போர் பெஞ்சில் நாற்பது நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி விதைப் பொட்டலங்கள் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க ஒன்னு நாப்பது பஸ்ஸா?" என்று கேட்டார்.

"ஆமா. ஏன், இடம் புடிச்சு வெக்கணுமா?"

"இல்ல. உங்க வீட்டுல லிஃப்ட் இருக்கா?"

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். "நான் புருஷனை விட்டுட்டு வந்தவதான். அதுக்குன்னு பேச்சை இப்படியா ஆரம்பிப்பாங்க?"

"தொழில் விஷயமா கேக்கறேன். லிஃப்ட் வெச்ச கட்டடம், கடை, எதுலயாச்சும் பங்கு..."

"கய்லில நாலாவது மாடில வாடகைக்கு இருக்கேன். படிதான். முட்டி ரெண்டும் போச்சு."

"நல்லது."

"முட்டி போனதா நல்லது?"

பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கிழவர் தாளை மடித்தார். "எனக்கும் லிஃப்ட் கிடையாது. எதுக்குக் கேக்கறீங்கன்னு தெரியல, இருந்தாலும் சொல்லி வெக்கறேன்."

"இந்த ஊரா?"

"இல்ல. இங்க மகன் இருக்கான், பாக்க வந்தேன். அவன் இருக்கற கட்டடத்துல லிஃப்ட் உண்டு. நான் அதுல ஏறல. ரெண்டாவது மாடிதானே, நடங்க மாமா, உடம்புக்கு நல்லதுன்னு மருமக சொல்லிட்டா."

எந்தக் கட்டடம் என்று லியாவ் விசாரித்தார். அவர் முறையில் வராத கட்டடம். கொஞ்சம் யோசித்துவிட்டு, இவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார்: பின்னால் ஒரு கடை, ஒன்றரைக் கிலோ மீன், மூன்று பேர் வேண்டும், செலவு தன்னுடையது.

"ஓசி மீனா?" என்றாள் அந்தப் பெண். "வேற ஏதாவது விக்கப் போறீங்களா? கடைசில தண்ணி சுத்திகரிக்கற மிஷின்னு எடுத்து வெப்பீங்களா?"

"எதுவும் விக்கல."

"அப்ப சரி. நான்தான் விக்கறவ. சாப்பிட்டுட்டு உங்களுக்கு முள்ளங்கி விதை விக்கறேன்."

மூவரும் கிளம்பினார்கள். சந்தை நாள். கோழிக்கூண்டுகளையும் கரும்புக் கட்டுகளையும் தாண்டிப் போய்ச்சேர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைக்குள் கீழே ஒரு முக்காலிகூடக் காலியில்லை. பான் யின்ஹுவா அகப்பையோடு வந்தாள்.

"வாங்க மாஸ்டர். சோறு வாணலில போட்டாச்சு, முட்டை ஒன்னா ரெண்டா?"

"மீன்."

அவள் அகப்பையால் எண்ணினாள். "ஒன்னு, ரெண்டு, மூணு. இவங்க யாரு?"

"கூட வந்தவங்க."

"பேரு?"

லியாவ் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் சியோங் லான் என்றாள். கிழவர் ஷென் போவென் என்றார், எழுபத்தொரு வயது, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"பேரு தெரியாதவங்களோட மீன் சாப்பிட வந்திருக்கீங்க" என்றாள் பான் யின்ஹுவா. "பரவால்ல, எத்தனையோ கல்யாணமே அப்படித்தான் நடக்குது. கீழ இடமில்ல, மாடிக்குப் போங்க. ஆகஸ்டுலதான் கட்டி முடிச்சேன்."

லியாவ் ஜூலையில் வந்தபோது மாடி இல்லை. மேலே போவதற்கு முன் கைபேசியை நீட்டிப் பணத்தைக் கட்டிவிட்டார். இல்லாவிட்டால் சாப்பிட்டு முடித்ததும் காசு நான்தான் கொடுப்பேன் என்று வாத்தியார் சண்டைக்கு வருவார், அந்தச் சண்டையில் பஸ் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

மாடியில் வெள்ளையடித்த ஒரே அறை, நடுவில் வட்ட மேஜை. வாசலைப் பார்த்த நாற்காலி ஒன்றுதான். அது தலைமை இடம். மற்றவை எல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டியவை. மூன்று பேரும் தலைமை இடத்தைத் தவிர்த்து வாசல் பக்கத்திலேயே நின்றார்கள்.

"சார், நீங்க உக்காருங்க. வயசுல பெரியவர்" என்றார் லியாவ்.

"மீன் உங்களோடது. நான் ஓசி ஆளு."

"வாத்தியாரை ஓரத்துல உக்கார வெச்சிட்டு நான் நடுவுல உக்காந்தா சோறு இறங்குமா?"

"அம்மா, நீ உக்காரு" என்றார் வாத்தியார்.

"நானா? ஆம்பளை ரெண்டு பேரு நிக்கறப்ப நான் போய்த் தலைமை இடத்துல உக்காந்தா, விதை வாங்கறவங்க நாளைக்கு என்கிட்ட பேசுவாங்களா? மாஸ்டர், இன்னிக்குத்தானே உங்களுக்குக் கடைசி நாளு? வழில சொன்னீங்களே."

லியாவ் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். அவர் முறைப்படி காலை ஊன்றி நின்றார், முறைப்படி கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. வாத்தியார் அவருடைய தோள்களில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்கினார்.

"முப்பத்தெட்டு வருஷம் பசங்களை உக்கார வெச்சவன் நான்" என்றார். "உங்களால முடியாது."

லியாவ் உட்கார்ந்தார். தோற்றதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நிமிர்ந்து பார்த்தபோதுதான் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் இரும்புத் தகட்டில் ஒரு சின்னக் கதவு இருப்பதைக் கண்டார். சமையலறை அலமாரி அளவு. அவர் வேறு எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அது அவர் முதுகுக்குப் பின்னால் போயிருக்கும்.

மணி அடித்தது. சுவருக்குள் ஒரு மோட்டார் முனகியது. லியாவுக்குக் காதில் விழுந்ததே போதும்: சின்ன மோட்டார், ஒற்றைக் கம்பிக்கயிறு, உருளையில் இடது பக்கமாக உரசுகிறது. பான் யின்ஹுவாவின் கணவர் படியேறி வந்து, தகட்டுக் கதவை மேலே தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து சட்டியை எடுத்தார். மேஜையில் அடுப்பின்மேல் வைத்தார். மீன் தலை தலைமை இடத்தைப் பார்க்கும்படி சட்டியை இரண்டு தடவை திருப்பிச் சரிசெய்தார். ஒரு பொத்தானை அழுத்தி வெற்றுப் பெட்டியைக் கீழே அனுப்பிவிட்டு, தானும் இறங்கிப் போனார்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே இப்போது பெட்டி இல்லை. இருட்டுக் குழி மட்டும் இருந்தது.

பெட்டி இல்லாதபோது கதவு திறக்கவே கூடாது. அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. இங்கே பூட்டு இல்லை, பதிவு எண் இல்லை, எண்ணுக்கான தகடு அடிக்க ஆணித்துளைகூட இல்லை. ஷிதாங்கில் பதிவான இருநூற்று முப்பத்தாறும் எங்கெங்கே இருக்கின்றன என்று லியாவுக்கு மனப்பாடம். இது இருநூற்று முப்பத்தேழு.

சட்டி கொதித்தது. சிவப்புக் குழம்பின் நடுவில் கெளுத்தி வெள்ளையாக விரிந்து கிடந்தது. இருபத்தாறு வருஷம் பக்கத்து மேஜையில் இருந்த வாசனை இப்போது நேராக முகத்தில் அடித்தது. எட்டாவது பொருள் என்னவென்று அவருக்குச் சட்டென்று புரிந்தது: இஞ்சிக் கிழங்கு இல்லை, அதன் தண்டு.

வாத்தியாரும் சியோங் லானும் சாப்பாட்டுக் குச்சிகளைக் கையில் எடுத்துக் காத்திருந்தார்கள். தலைமை இடத்தில் இருப்பவர் முதல் துண்டை எடுக்காமல் மற்றவர்கள் தொட முடியாது. லியாவ் குச்சியை எடுத்தார். கன்னத்துச் சதையைப் பிரித்தார். கருகிய மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தில் தோய்த்தார். வாய்க்கு ஒரு சாண் வரைக்கும் கொண்டுபோனார்.

திரும்பக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார்.

"சூடா?" என்றார் வாத்தியார்.

"அந்தக் கதவு திறந்திருக்கு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாத்திடட்டுமா?" என்று எழுந்தாள் சியோங் லான்.

"கிட்டப் போகாதீங்க."

ஏன் என்று அவர் சொன்னார். நீளமாகச் சொல்லவில்லை. பாத்திரம் ஏற்றுகிற லிஃப்டும் லிஃப்ட்தான். பதிவு செய்யணும், பூட்டு வைக்கணும், பரிசோதிக்கணும். இதில் மூன்றும் இல்லை. மேலே பெட்டி இருக்கிறதென்று நினைத்துத் தட்டோடு யாராவது உள்ளே சாய்ந்தால், நேராகக் கீழ்த்தளம்.

"மாஸ்டர்" என்றாள் சியோங் லான், நிதானமாக. "நீங்க இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அதைப் பாக்கல. சுவரைப் பாத்துச் சாப்பிட்டீங்க. அவ்வளவுதான்."

"பாத்துட்டேன்."

"சாப்பிட்டுட்டுப் பாத்ததா வெச்சுக்குங்க. அரை மணி நேரத்துல ஊரு ஒன்னும் முழுகிடாது."

"சாப்பிட்டா ஒட்ட மாட்டேன்" என்றார் லியாவ்.

"எதை?"

அவர் பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். கணக்கு வாத்தியார் என்பதால் வழி கண்டுபிடிக்கப் பார்த்தார்.

"மீன் லிஃப்டுல வந்ததுதானே பிரச்சனை? சட்டியைத் தூக்கிப் படி வழியா கீழ கொண்டு போயி, மறுபடி படி வழியாவே மேல கொண்டு வந்துட்டா? அப்ப இது படில வந்த மீன்."

"பிரச்சனை மீன் இல்ல சார். இந்த வீட்டுல நான் தாள் ஒட்டப் போறேன். ஒட்டற வீட்டுல சாப்பிட மாட்டேன்."

"எப்பத்துலேந்து?"

"தொண்ணூத்தொம்பதுலேந்து."

"சாயங்காலம் அஞ்சரைக்கு நீங்க சாதாரண ஆளு" என்றார் வாத்தியார். "இன்னும் அஞ்சு மணி நேரங்கூட இல்ல."

"அதான் இப்பவே செய்யணும்."

அவர் எழுந்துபோய்க் குழிக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கு சட்டிப் பக்கம் இருந்தது, கண் குழிக்குள். கீழே மூன்று உடைந்த கிண்ணங்கள் கிடந்தன. அப்போதுதான் பான் யின்ஹுவா மேலே வந்தாள். மீன் எப்படி என்று கேட்க வந்தவள், குச்சி படாத சட்டியையும் மேஜைமேல் இருந்த தாளையும் பார்த்து நின்றுவிட்டாள். மஞ்சள் தாள் என்றால் என்னவென்று ஷிதாங்கில் எல்லோருக்கும் தெரியும்.

"இது லிஃப்ட் இல்ல மாஸ்டர். பெட்டி. சட்டி போற பெட்டி."

"கிண்ணம் எப்ப விழுந்துச்சு?"

அவள் குனிந்து அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"முதலாளியம்மா, எப்ப விழுந்துச்சு?"

"நேத்து. மூணு கிண்ணந்தான். பெட்டி மேல இருக்குதுன்னு நெனச்சு வெச்சேன்."

"நீங்களா?"

"நான்தான். கை தோள் வரைக்கும் உள்ள போயிருச்சு. அப்புறம் இழுத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. "இருபத்தாறு வருஷமா சோறு போட்டிருக்கேன். ஒரு நாளாவது முட்டையில ஓடு இருந்துச்சா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, சந்தை, மேல நாலு மேஜை போடலாம்னு இருக்கேன். கடைசி நாளும் அதுவுமா வந்து என் சுவத்துல தாள் ஒட்டுவீங்களா?"

"ஆமா."

"சாப்பிட்டுட்டு ஒட்டுங்க. நான் வேணாம்னா சொல்றேன்? மீன் குழையுது பாருங்க."

"சாப்பிட மாட்டேன்."

பான் யின்ஹுவாவுக்கு அதுதான் தாங்கவில்லை. தாளை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள், முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தன் சட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒருவன் சாப்பிட மாட்டேன் என்பது அந்தக் கடையில் நடந்ததில்லை. "என் குழம்புக்கு என்ன குறை?" என்றாள், குரல் இறங்கி.

"குறை இல்ல. இஞ்சித் தண்டு போடறீங்க. இத்தனை வருஷம் தெரியாம இருந்துச்சு."

அவள் படிப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அது யாருக்கும் தெரியாது.

லியாவ் கதவைச் சாத்தி, மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தி, தாளில் தேதியும் நேரமும் எழுதினார்: பன்னிரண்டு ஐம்பது. முத்திரை குத்தினார். அந்த முத்திரையின் கடைசிக் குத்து அதுதான். தாளை ஒட்டி நான்கு மூலையையும் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார். எந்த மாதிரிப் பூட்டு வாங்க வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார். பையை எடுத்துக்கொண்டார்.

"நாங்க?" என்றாள் சியோங் லான்.

அவர் அதை மறந்தே போயிருந்தார். தலைமை இடத்தில் ஆள் இல்லாமல் இரண்டு பேரும் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்கள். லியாவ் திரும்பி வந்து, வாத்தியாரின் கையைப் பிடித்து எழுப்பி, தான் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரவைத்தார். இந்த முறை வாத்தியார் காலை ஊன்றவில்லை. பான் யின்ஹுவா துணியால் சட்டியின் காதைப் பிடித்து, மீன் தலை வாத்தியாரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"இதுக்குத்தான் முதல்லயே எனக்கு வேணாம்னேன்" என்றார் வாத்தியார். பிறகு முதல் துண்டை எடுத்தார்.

லியாவ் பஸ் நிலையத்தில் ஒரு பாக்கெட் எள் பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றரைக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். வாத்தியார் சட்டையில் சிவப்பாக ஒரு துளி. வண்டிக்குள் ஏறியதும் அந்த வாசனையும் கூடவே ஏறியது. மூன்று பேருக்கும் பின்னால் அடுத்தடுத்து இடம் கிடைத்தது. இங்கே யாரும் எந்த இடத்துக்கும் மல்லுக்கட்டவில்லை.

பஸ் முதல் சுரங்கப்பாதையைத் தாண்டியது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் லியாவ்.

வாத்தியார் யோசித்தார். "உப்பு கொஞ்சம் கம்மி. பரவால்ல. கய்லில இதைவிட நல்லாவே கிடைக்கும்."

"பொய் சொல்லாதீங்க சார், இந்த வயசுல" என்றாள் சியோங் லான். "மாஸ்டர், நல்லா இருந்துச்சு. நான் குழம்பைச் சோத்துல ஊத்தி மூணு கிண்ணம் சாப்பிட்டேன். சார் வால் பக்கம் முழுக்க முடிச்சிட்டாரு. இருந்தும் பாதி மீதி. அந்தம்மா எங்களைப் பாத்து, மூணு பேரு வேணும்னு நான் சும்மாவா சொல்றேன்னு திட்டினாங்க."

"சரி" என்றார் லியாவ்.

"கோவமா?"

"இல்ல. பசி."

அவள் பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். முள்ளங்கி விதை. "விக்கறேன்னு சொன்னேன். இப்ப மனசு வரல. வெச்சுக்குங்க."

லியாவ் பழக்கத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பிறகு, இவளிடம் லிஃப்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முத்திரையை ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒப்படைத்தார். வாங்கிக்கொண்ட பெண் ரசீது கொடுத்தாள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஷிதாங்கில் பதிவில்லாத ஒன்று இருக்கிறது, தாள் ஒட்டியாயிற்று, குறித்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

நவம்பர் மூன்றாம் தேதி வீட்டுக்கு போன் வந்தது. குவோ சியூயுன் எடுத்து, "யாரோ பொம்பளை, பூட்டுன்னு என்னமோ கேக்கறா" என்று நீட்டினாள்.

"மாஸ்டர், பூட்டு ரெண்டு மாதிரி இருக்கு" என்றாள் பான் யின்ஹுவா. வணக்கம்கூட இல்லை. "கடைக்காரன் சின்னதே போதுங்கறான்."

"பெருசு வாங்குங்க."

"உங்க எழுத்து படிக்கவே முடியல. பொடிப்பொடியா எழுதி வெச்சிருக்கீங்க." அவள் பின்னால் யாரோ மேஜை எண்ணைக் கத்துவது கேட்டது. "இப்ப உங்ககிட்ட முத்திரை இல்ல. வந்தா சாப்பிடுவீங்களா, இல்ல அதுக்கும் ஏதாச்சும் சட்டம் வெச்சிருக்கீங்களா?"

"சான்றிதழ் வரட்டும்."

"எவ்வளவு திமிரு" என்றாள் அவள். "நான் இங்க சட்டியைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறிக்கிட்டிருக்கேன், என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடிச்சிருச்சு, நீங்க சான்றிதழ் கேக்கறீங்க."

"இடுப்புக்கு என்ன பண்றாரு?"

"படுத்திருக்காரு. வேற என்ன பண்ணுவாரு. வெச்சிடறேன், கூட்டம்."

பூட்டு ஆறாம் தேதி பொருத்தப்பட்டது. பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கய்லி அலுவலகத்திலிருந்து தியென் ஷாவ்யூ என்ற முப்பத்தொரு வயதுப் பெண் வந்து அதைப் பரிசோதிக்கிறாள். லியாவ் தெஷூ பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை பஸ்ஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறார்: ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு, ஒன்று மனைவியின் தம்பிக்கு.